வலைத்தளச் சான்றும் மாணவர் ஆராய்ச்சியும்

கற்பவர் எவரும் பிறர் கூறியவற்றை ஏற்றே தம் கல்வியைத் தொடங்குகின்றனர். நாம் காணாத நாட்டையும் வாழாத காலத்தையும் பிறர் வாய்க் கேட்டே அறிகின்றோம். ஆதலின், யார் சொல்லை எவ்வளவு ஏற்பது என்பதே ஆராய்ச்சியின் முதல் வினாவாகும். இவ்வினா பழையதாயினும், இணையம் வந்த பின்னர் முன்னினும் அவசரமாயிற்று. முற்காலத்து மாணவனுக்கு நூல் கிடைத்தலே அரிது. இக்காலத்து மாணவனுக்கோ கிடைத்தவற்றுள் எதனை விடுவது என்று துணிதலே அரிது. கைப்பேசியில் ஒரு சொல்லை எழுதித் தேடுங்கால், இமைப்பொழுதில் எண்ணிறந்த பக்கங்கள் எதிர்வந்து நிற்கின்றன. அவற்றுள் புலவர் எழுதியதும் உண்டு. விளம்பரஞ் செய்வோர் எழுதியதும் உண்டு. எல்லாம் ஒரே திரையில் ஒரே அளவான எழுத்தில் தோன்றுகின்றன. இவற்றுள் நம்பத்தக்கது எது, தகாதது எது என்று பகுத்துணர்வது எங்ஙனம்? இதுபற்றி எம் கருத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவ்விஷயத்தில் நம்மிடையே இரு கட்சியார் உளர். ஒரு சாரார் வலைத்தளம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளிப்பர். அச்சிட்ட நூலன்றி வேறொன்றும் சான்றாகாது என்பர். மற்றொரு சாரார் தேடுபொறி முதலிற் காட்டிய பக்கத்தையே முடிந்த முடிபாகக் கொள்வர்; "இணையத்தில் இருக்கின்றது" என்பதே அவர்க்குப் போதிய காரணம். இவ்விரு கட்சியாரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது எம் துணிபு. என்னை? இருவரும் சொல்லப்பட்ட பொருளின் மூலத்தை ஆராயாது, அது எழுதப்பட்ட இடத்தை மட்டுமே நோக்குகின்றனர். தாளில் அச்சேறியதனாற் பொய் மெய்யாகிவிடாது. திரையில் தோன்றியதனால் மெய் பொய்யாகிவிடவும் மாட்டாது.

முதற் கட்சியாரின் கூற்றை முதற்கண் நோக்குவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். 1998-ஆம் ஆண்டிற் பொங்கற் காலத்தே தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பினால் நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியுள்ளது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994-ஆம் ஆண்டிற் சென்னையில் எழுந்த ஆராய்ச்சி நூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகமும் அரிய நூல்கள் பலவற்றை மின்னுருவாக்கி வருகின்றன. இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் "நூலகம்" என்னுந் தளம் 2005 முதற் பாதுகாத்து வருகின்றது. இவற்றையெல்லாம் "வலைத்தளம்" என்ற ஒரே பெயரால் ஒதுக்குதல் அறிவுடைமையாகுமோ?

அன்றியும், இவ்விலக்கினால் யார் வருந்துவர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். தலைநகரில் வாழும் மாணவன் பேருந்தேறிப் பெருநூலகம் ஒன்றிற்குச் செல்லுதல் கூடும். சிற்றூரினின்று வந்து, விடுதிக் கட்டணத்தையே கடன்பெற்றுக் கட்டும் மாணவனுக்கு அது கூடுமோ? வலைத்தளம் கூடாது என்று பொதுப்படக் கட்டளையிடுதல், வசதியுடையானுக்குச் சிறு தடை, வசதியற்றானுக்கோ கதவடைப்பு. ஆதலின் விலக்குதலாற் பயனில்லை. தெரிந்தெடுக்கக் கற்பித்தலே கடன்.

இனி, இரண்டாங் கட்சியாரை நோக்குவோம். பலர் ஒரு தளத்தின் தோற்றத்தைக் கண்டே அதனை நம்பிவிடுகின்றனர். அழகிய முத்திரை, ஒழுங்கான பக்க அமைப்பு, நிறுவனத்தின் நீண்ட பெயர், அடியிற் குறிப்புக்கள் ஆகியவை இருப்பின் ஐயம் நீங்கிவிடுகின்றது. தளத்தின் முகவரி "ஓஆர்ஜி" என்று முடியின் அது அறநிலையத்தைச் சார்ந்தது என்று கருதுவாரும் உளர். உண்மையில், அம்முடிபைப் பணங் கொடுத்து எவரும் பதிந்து கொள்ளலாம். இந்தியாவிற் கல்வி நிலையங்களுக்கென்று ஒதுக்கப்பெற்ற "ஏசி.இன்" என்னும் முடிபுங்கூட, நிலையம் இன்னது என்று காட்டுமேயன்றி, அதிலுள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் உறுதி கூறாது.

இத்தோற்ற மயக்கம் இளையோர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்னும் இருவர் 2017-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வரலாற்றுப் பேராசிரியர் முதலாய வரலாற்றறிஞர் 10 பேர், செய்திகளின் மெய்ம்மையைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டோர் 10 பேர், அப்பல்கலைக்கழக மாணவர் 25 பேர் ஆகியோர்க்குச் சில தளங்களைக் காட்டி, அவற்றின் தகுதியை மதிப்பிடச் செய்தனர். குழந்தை மருத்துவர் சங்கங்கள் இரண்டின் தளங்கள் அவற்றுள் அடங்கும். ஒன்று 1930-இல் தோன்றிய பெருஞ்சங்கம். மற்றொன்று அதனோடு முரண்பட்டோர் 2002-இல் நிறுவிய சிறு குழு. இரண்டின் பெயரும் ஏறத்தாழ ஒத்திருந்தன. மாணவருட் பாதிக்கு மேற்பட்டோர் சிறு குழுவின் தளத்தையே மிக்க தகுதியுடையதாகக் கருதினர். வரலாற்றறிஞருட் சிலரும் தடுமாறினர். சரிபார்ப்போர் மட்டும் தவறவில்லை. காரணம் யாது? மற்றையோர் அத்தளத்தின் உள்ளேயே மேலுங் கீழுமாகப் படித்துக்கொண்டிருந்தனர். சரிபார்ப்போரோ சில நொடிகளில் அதனை விட்டு வெளியேறி, இச்சங்கத்தைக் குறித்துப் பிறர் என்ன கூறுகின்றனர் என்று வேறு பக்கங்களிற் தேடினர். ஒருவனுடைய நடத்தையை அவனிடமே கேட்டறிய முயல்வதினும் ஊராரைக் கேட்டறிவது நன்றன்றோ? தளத்தின் தகுதியும் அங்ஙனமே.

இம்முறையை நம் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல் எது? இவ்வினாவைத் தேடுபொறியில் இடின், 1554 என்னும் பக்கமும், 1577 என்னும் பக்கமும், 1578 என்னும் பக்கமும் கிடைக்கும். தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் அமைத்த சீகன்பால்க் ஐயரே தமிழை முதலில் அச்சேற்றினார் என்று எழுதுவாரும் உளர். இவற்றுள் எது மெய்? எண்ணிக்கை பார்த்துப் பெரும்பான்மையை ஏற்கலாமோ? அன்று. ஒவ்வோர் ஆண்டின் பின்னும் இருக்கும் பொருளைத் தேடிச் செல்லுதல் வேண்டும்.

அங்ஙனந் தேடின், 1554-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் அச்சான சிறு ஞானோபதேச நூலைக் காண்போம். அதன் மொழி தமிழும் போர்த்துக்கீசும். ஆயின் தமிழ்ச் சொற்கள் உரோமானிய எழுத்தில் அச்சிடப்பட்டன. 1578-ஆம் ஆண்டிற் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சேறிற்று. 16 பக்கங்களையுடைய அந்நூல் தமிழ் எழுத்திலேயே அமைந்தது. அதனை ஆக்கியவர் நம்மவரால் அண்டிரிக் அடிகளார் என்று வழங்கப்பெறும் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார். அதன் படியொன்று ஹார்வர்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. 1577 என்னும் ஆண்டு எங்கிருந்து வந்தது? அந்நூலின் இறுதிப் பக்கத்தில், கோவாவில் 1577-இல் வார்த்த எழுத்துக்களும் கொல்லத்தில் 1578-இல் வார்த்த எழுத்துக்களும் காட்டப்பெற்றுள்ளன. எழுத்து வார்த்த ஆண்டை நூல் அச்சான ஆண்டாகக் கொள்ளுதற்கு அங்கே இடமுண்டு. சீகன்பால்க் ஐயரின் பெருமை இதனிலும் வேறானது: தரங்கம்பாடியில் 1714-இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இற் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறின. தமிழிற் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சிட்டவர் என்பது மெய். தமிழையே முதலில் அச்சிட்டவர் என்பது பொய்.

இவ்வெடுத்துக்காட்டு இரண்டு உண்மைகளைப் போதிக்கின்றது. முதலாவது, பக்கங்கள் முரண்படுங்கால் ஒன்றை ஏற்று மற்றவற்றை எறிந்துவிடுதல் முறையன்று. ஒவ்வொன்றும் எதனைக் கருதி அவ்வாண்டைக் கூறிற்று என்று வினவின், முரணே தெளிவுக்கு வாயிலாகும். இரண்டாவது, நமக்கு உவப்பான செய்தியிடத்து நாம் இருமடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். சபைப் பற்றுடையோர் தம் சபை முன்னோரையும், ஊர்ப் பற்றுடையோர் தம் ஊரையும், மொழிப் பற்றுடையோர் தம் மொழியையும் முதலிடத்தில் வைக்க விழைவர். அவ்விழைவு பழிக்கத்தக்கதன்று, ஆயின் அது சான்றாகாது. நம் நாட்டுப்பண்ணை உலகிற் சிறந்ததென்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஒரு செய்தி பல்லாண்டுகளாகக் கைப்பேசிதோறும் உலாவி வருகின்றது. யுனெஸ்கோ அங்ஙனம் யாதும் அறிவித்ததில்லை. நாட்டன்பினால் அதனைப் பரப்பினோர், நாட்டைப் பிறர் நகைக்கவே இடஞ் செய்தனர்.

இனி, "ஒரு செய்தியைப் பத்துத் தளங்கள் கூறுகின்றன, பத்தும் பொய்யாகுமோ?" என்று வினவுவார்க்குத் தமிழ் படிப்போர் விடை கூற வல்லர். அதற்குரிய முறையை நம் பதிப்பாசிரியர்கள் முன்னரே வகுத்துள்ளனர். 1887-ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும், அதே ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தவரும் வட்டுக்கோட்டை மிஷன் செமினரியிற் பயின்றவருமான சி. வை. தாமோதரம் பிள்ளையும் பல இடங்களினின்று ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினர். அவ்வொப்புநோக்கின் அடிப்படை யாது? ஓர் ஏட்டைப் பார்த்து எழுதிய பத்து ஏடுகள் பத்துச் சான்றாகா. அவை ஒரே சான்று. மூல ஏட்டிற் புகுந்த பிழை பத்திலும் இருக்கும். பிழை ஒத்திருத்தலே அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதைக் காட்டும். வலைத்தளங்களும் அத்தகையனவே. ஒரே வாக்கியம், ஒரே சொற்பிழையோடு, எட்டுத் தளங்களிற் காணப்படின், எட்டுப் பேர் ஆராய்ந்து ஒரே முடிபுக்கு வந்தனர் என்று கொள்ளற்க. ஒருவர் எழுதியதை எழுவர் படியெடுத்தனர் என்று கொள்க.

விக்கிப்பீடியாவைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். 2001-இல் ஆங்கிலத்திலும் 2003-இல் தமிழிலும் தொடங்கிய இக்கலைக்களஞ்சியத்தை எவரும் திருத்தலாம் என்பது அதன் குறை என்பர். "நேச்சர்" என்னும் அறிவியல் இதழ் 2005-ஆம் ஆண்டில் 42 அறிவியற் கட்டுரைகளை வல்லுநரைக் கொண்டு ஒப்பிடச் செய்தபோது, கட்டுரை ஒன்றிற்கு விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ நான்கு பிழைகளும், பிரிட்டானிக்காவில் ஏறத்தாழ மூன்று பிழைகளும் இருந்தமை தெரியவந்தது. பிரிட்டானிக்கா நிறுவனத்தார் அம்முடிபை மறுத்தனர். எவ்வாறாயினும், பிழையற்ற களஞ்சியம் யாண்டும் இல்லை என்பது தெளிவு. விக்கிப்பீடியாவை மேற்கோளாகக் காட்டுதலினும், அதன் அடியிலுள்ள மேற்கோள்களைத் தேடிச் செல்லுதலே நன்று. ஒவ்வொரு கட்டுரையும் எப்பொழுது எவ்வாறு திருத்தப்பட்டது என்னும் வரலாறும் அங்கேயே திறந்து கிடக்கின்றது. அதனைப் பார்ப்போர் மிகச் சிலரே.

தகுதியுடைய தளத்திற் கிடைக்கும் மெய்யான நூலாயினும், எந்தப் பதிப்பு என்று நோக்குதல் இன்றியமையாதது. கால்டுவெல் ஐயரின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. ஆசிரியரே விரித்துத் திருத்திய இரண்டாம் பதிப்பு 1875-இல் வெளிவந்தது. அவர் 1891-இல் மறைந்தபின், பிறர் திருத்திய மூன்றாம் பதிப்பு 1913-இல் வந்தபொழுது, முன்னைய பதிப்பிலிருந்த சில பகுதிகள் விடப்பட்டன. இணையத்திற் பழைய பதிப்பும் கிடைக்கும், பிந்தியதும் கிடைக்கும். பிந்தியதை மட்டும் பார்த்துக் "கால்டுவெல் இதனைக் கூறவில்லை" என்று எழுதுவோன், பதிப்பித்தோர் விட்டதனை ஆசிரியர் மேல் ஏற்றுகின்றான். இவ்வாறே, பழைய நூலின் ஒளிப்படம் வேறு. அதனை ஒருவர் தட்டச்சிட்ட பாடம் வேறு. தட்டச்சிற் சொல் மாறலாம், அடி விடுபடலாம். மதுரைத் திட்டத்தார் பல நூல்களின் முகப்பில் உள்ளீடு செய்தவர் இன்னார், பிழை திருத்தியவர் இன்னார் என்று குறித்துள்ளனர். தன் பிழைக்குத் தான் பொறுப்பென்று முன்வந்து பெயர் கூறும் தளம், பெயரே கூறாத தளத்தினும் நம்பத்தக்கதன்றோ?

அண்மைக் காலத்தே செயற்கை நுண்ணறிவினால் இயங்கும் உரையாடிகளும் மாணவர்க்குத் துணையாக வந்துள்ளன. அவை சரளமாக எழுதும். ஆயின் இல்லாத நூலுக்குப் பெயரும், இல்லாத கட்டுரைக்குப் பக்க எண்ணும் படைத்துத் தருதலும் உண்டு. 2023-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வழக்கறிஞர் சிலர் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புக்களை மெய்யென நம்பி நீதிமன்றத்திற் காட்டினர். அத்தீர்ப்புக்கள் எவையும் உண்மையில் வழங்கப்பெற்றன அல்ல என்று கண்ட நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்டம் பயின்றோர்க்கே இந்நிலை நேருமாயின் நம்மனோர்க்குக் கூற வேண்டுமோ? கண்ணாற் காணாத நூலை மேற்கோள் காட்டலாகாது என்னும் பழைய விதி, இக்காலத்திற்கே இயற்றப்பட்டது போலும்!

இதுகாறுங் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு தளத்திடம் நாம் கேட்கத்தக்க வினாக்கள் ஐந்தாகும். எழுதியவர் யார், அவர்க்கு அப்பொருளில் உள்ள பயிற்சி என்ன? அவர் இதனை எங்கிருந்து அறிந்தார். அம்மூலத்தை நாமும் காண இயலுமோ? எப்பொழுது எழுதினார், பின்னர்ப் புதுச்செய்தி தோன்றியதுண்டோ? எதன் பொருட்டு எழுதினார். விற்பனைக்கோ, கட்சிக்கோ, கல்விக்கோ? இறுதியாக, அவரைச் சாராத வேறொருவர் இதனை உறுதி செய்கின்றனரோ? இவ்வைந்திற்கும் விடை தாராத தளத்தினின்று ஒரு குறிப்புப் பெறலாம்; முடிபு பெறலாகாது.

"இத்துணையும் செய்ய நேரம் ஏது? நாளை மறுநாள் ஒப்படைப்பை அளித்தல் வேண்டுமே" என்று நண்பர்கள் முணுமுணுப்பது எம் செவியில் விழுகின்றது. இம்முணுமுணுப்பில் நியாயம் இல்லாமற் போகவில்லை. பக்கங்களின் எண்ணிக்கைக்கே மதிப்பெண் கிடைக்குமாயின், மாணவன் பக்கங்களையே நிரப்புவான். ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். ஒப்படைப்பின் பக்கங்களைக் குறைத்து, சான்றுகளைச் சரிபார்த்தமைக்கென்று மதிப்பெண்ணிற் சிறு பகுதியை ஒதுக்குக. முதலாண்டு மாணவர்க்கு நூலகத்தார் இரண்டு மணி நேரமேனும் இதனைச் செயல்முறையிற் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்க. வலைத்தளத்தைக் காட்டும் மாணவன் அதன் முகவரியோடு, எழுதியவர் பெயரையும் தான் பார்த்த நாளையும் குறித்தல் வேண்டுமென்று விதிக்க. தளங்கள் மாறும், மறையவுஞ் செய்யும், நாளைக் குறியாத மேற்கோள் நாளடைவில் நிழலாகிவிடும்.

மாணவ நண்பர்களே, இஃது மதிப்பெண்ணளவில் நிற்கும் விஷயமன்று. நாம் எழுதும் ஒப்படைப்புக்கள் இன்று அலமாரியில் உறங்குவதில்லை. அவற்றை யாரேனும் இணையத்தில் ஏற்றுகின்றனர். மற்றோர் ஊரிலுள்ள பள்ளி மாணவி அதனைத் தேடிக் கண்டெடுக்கின்றாள். அவளுக்கு நம் எழுத்தே வலைத்தளச் சான்று. நாம் ஆராயாது எழுதிய ஆண்டு அவளது விடைத்தாளில் ஏறும். அங்கிருந்து வேறொரு பக்கத்திற் புகும். பின்னொரு நாள் நமக்கே அது சான்றாகத் திரும்பி வரும். படிக்கும் நாமே படியெடுத்துக் கொடுப்போருமாக இருக்கின்றோம். ஏட்டிற் பிழைபட எழுதியவன் பெயர் மறைந்தது. அவன் பிழையோ நூற்றாண்டுகள் நின்று பதிப்பாசிரியர்களை வருத்திற்று. பின்வருவோரை நாம் அங்ஙனம் வருத்தாதிருப்போமாக.